தேய்ந்து முதிரும் மூளை

மனித மூளையின் எடை ஆறு வயதுக்குள்ளேயே வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்னும் எளிய அளவீடு, பதின்பருவத்து மூளையை ஆராயும் முயற்சியை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளியது. எடையே வளர்ச்சி என்று கொண்டால், பள்ளியில் சேரும் வயதிலேயே முடிந்துபோன வேலையில் அதற்குப் பிறகு ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் இயல்பாகவே எழும்; பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் தென்படும் சினம், துணிச்சல், கூச்சம், தூக்கம் பிடிக்காத இரவு ஆகியவற்றுக்கெல்லாம் சுரப்பிகளும் சூழலுமே காரணம் என்று கருதப்பட்டதில் வியப்பில்லை. எடை கூடாமல், சொல்லப்போனால் சில இடங்களில் குறைந்துகொண்டே, ஓர் உறுப்பு முதிர முடியும் என்ற கருத்து பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் உருப்பெற்று, இதழ்களில் இடம்பெற்று, நீதிமன்றம் வரை சென்ற வரலாறு பெரும்பாலும் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அடங்குவது. அது பெருமளவு கருவிகளின் வரலாறும்கூட: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தம் கையிலிருந்த கருவி காட்டியதையே மூளையின் இயல்பு என்று எழுதினர், அடுத்த கருவி வந்தபோது அந்த எழுத்தில் ஒரு பகுதி நின்றது, ஒரு பகுதி அழிந்தது.

பதின்பருவத்தைத் தனியொரு ஆய்வுப்பொருளாக நிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அவர், 1904இல் இரண்டு பெருந்தொகுதிகளாக இப்பருவத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஜெர்மானிய இலக்கிய இயக்கம் ஒன்றின் பெயரைக் கடன் வாங்கி, இது புயலும் கொந்தளிப்புமான காலம் என்றார். தனிமனிதனின் வளர்ச்சி மனித இனத்தின் வரலாற்றையே சுருக்கமாக மீண்டும் நடத்திக்காட்டுகிறது என்ற அவருடைய அடிப்படைக் கொள்கை பின்னாளில் முற்றாகக் கைவிடப்பட்டது. அந்தப் பெருந்தொகுதிகளில் பதின்பருவ மூளையை அளந்து பெற்ற சான்று என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. இருந்தபோதிலும் அவர் கொடுத்த படிமம் மட்டும் நிலைத்துவிட்டது. நூறாண்டுகள் கழித்து மூளைப் படங்களுடன் வந்த ஆய்வாளர்களுக்கு வாசகர் இவ்வளவு எளிதில் செவிசாய்த்ததற்கு, அந்தப் படிமம் முன்பே மனத்தில் குடியிருந்தது ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

மூளையைத் திறந்து பார்த்தவர்களின் வழி வேறு. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவமனையை நடத்திய பால் ஃப்ளெக்சிக், நரம்பிழைகளைச் சுற்றிப் படியும் மயலின் என்னும் கொழுப்புறை மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்தில் படிவதில்லை என்பதைக் கண்டறிந்தார். மின்கம்பிக்குக் காப்புறை எப்படியோ அப்படி நரம்பிழைக்கு இந்த உறை. அது படிந்த இழையில் செய்தி பல மடங்கு விரைவாகச் செல்லும். பார்வை, தொடுவுணர்வு, அசைவு ஆகியவற்றுக்குரிய பகுதிகளில் முதலிலும், இவற்றையெல்லாம் இணைத்துச் சிந்திக்க உதவும் பகுதிகளில் கடைசியிலும் உறை படிகிறது என்று அவர் வரிசைப்படுத்தினார். (சிக்மண்ட் ஃப்ராய்டைப் படித்தவர்களுக்கு இவர், ஃப்ராய்ட் ஆராய்ந்து எழுதிய மனநோயாளி நீதிபதி ஷ்ரேபரின் மருத்துவராகவே நினைவிருப்பார், மூளைக்கூற்றியலில் அவர் விட்டுச்சென்றது அந்தப் புகழைவிடப் பெரியது.) அவருடைய மூளைகள் பெரும்பாலும் கருக்களுடையவையும் கைக்குழந்தைகளுடையவையுமாக இருந்ததால், அந்த வரிசையின் கடைசிப் படி எந்த வயதில் முடிகிறது என்பது எழுதப்படாமலே நின்றது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பால் யாக்கோவ்லெவும் ஆந்த்ரே ரோஷ் லெகூரும் 1967இல் வெளியிட்ட அட்டவணையில்தான் அது நீண்டது: மூளையின் பெரும்பாலான நரம்புத் தடங்களில் மயலின் சில ஆண்டுகளுக்குள் படிந்துவிடுகிறது என்றும், மூளையின் மேலடுக்கான புறணியின் இணைப்புப் பகுதிகளில் மட்டும் அந்த வேலை முப்பது வயது வரையும் அதற்கு அப்பாலும் தொடர்கிறது என்றும் அவர்கள் காட்டினர். வல்லுநர்கள் படித்தார்கள், வெளியே யாருக்கும் அது எட்டவில்லை.

கூடுவதைத் தேடிக்கொண்டிருந்த இந்த மரபில் குறைவதைக் கண்டவர் பீட்டர் ஹுட்டன்லோக்கர். ஜெர்மனியில் 1931இல் பிறந்து, போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, 1970களின் நடுவில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த இவர் குழந்தை நரம்பியல் மருத்துவர். வலிப்பு நோயுள்ள குழந்தைகளையும் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் நாள்தோறும் பார்த்தவர். அவர் மனைவி ஜானெல்லனும் அதே பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் மொழிவளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் முனைகளில், அதாவது சினாப்ஸ் எனப்படும் நரம்பிணைப்புகளில், குறை இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால், குறையற்ற மூளையில் அவை எத்தனை இருக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கான கணக்கு எங்கும் இல்லாததால் அதை அவரே எடுக்கத் தொடங்கினார்.

எண்ணுவது என்று ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய வேலையன்று அது. நரம்பிணைப்பு சாதாரண நுண்ணோக்கிக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அந்தக் கருவிக்கோ உயிர் பிரிந்தவுடன் பதப்படுத்திய திசு வேண்டும். மனிதரின் மூளை பிணக்கூறாய்வு மேசைக்கு வந்து சேருவதற்குள் மணிக்கணக்காகி, அணுக்களின் மென்சவ்வுகள் சிதையத் தொடங்கியிருக்கும். ஆகவே சவ்வுகளை விட்டுவிட்டு, இணைப்பு நிகழும் இடத்தில் செறிந்துகிடக்கும் புரதப் பட்டையை மட்டும் கருமையாக்கிக் காட்டும் ஃபாஸ்போடங்ஸ்டிக் அமிலச் சாயத்தை அவர் கையாண்டார். பின்னணி ஏறத்தாழ வெறுமையாகவும், இணைப்புகள் மட்டும் சிறு கருங்கோடுகளாகவும் படத்தில் விழும். அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, துண்டின் தடிமனைக் கொண்டு கன மில்லிமீட்டருக்கு எத்தனை என்று கணிக்க வேண்டும். பிறந்த குழந்தை முதல் 90 வயதுள்ளவர் வரை, நோயற்றவை எனக் கொள்ளத்தக்க 21 மூளைகளில், முன்மடலின் நடுமடிப்பில், புறணியின் ஆறு அடுக்குகளுள் மூன்றாவது அடுக்கில் மட்டும் இக்கணக்கு எடுக்கப்பட்டது.

1979இல் வெளியான முடிவு அவருக்கே எதிர்பாராததாக இருந்திருக்கும். பிறந்த குழந்தையின் மூளையிலேயே வளர்ந்தவருக்கு இணையான அடர்த்தி இருந்தது. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அது வளர்ந்தவரின் சராசரியைக் காட்டிலும் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுந்தது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை இறங்கிக்கொண்டே வந்து, 16 முதல் 72 வயது வரை கன மில்லிமீட்டருக்குச் சுமார் 110 கோடி என்ற அளவில் நிலையாக நின்றது. பிள்ளை பேசக் கற்று, எழுதக் கற்று, கணக்குப் போடக் கற்று, தனக்கென்று ஒரு கருத்தைக் கொள்ளக் கற்கும் ஆண்டுகள் முழுவதும் அதன் முன்மடல் இணைப்புகளை இழந்துகொண்டே இருக்கிறது என்பது இதன் பொருள். பின்னர் 1997இல் அவரும் தபோல்கரும் இணைந்து எழுதிய கட்டுரை, செவிப்புலனுக்குரிய பகுதியில் உச்சம் பிறந்த மூன்றாம் மாதத்திலேயே வந்துவிடுவதையும், முன்மடலில் அது ஒன்றேகால் வயதுக்குப் பிறகே வருவதையும், முன்மடலின் இறக்கம் பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை நீள்வதையும் காட்டி, ஃப்ளெக்சிக்கின் பழைய வரிசைக்கு வேறொரு திசையிலிருந்து துணைநின்றது.

இந்த இழப்புக்கு ஆங்கில ஆய்வுலகம் தோட்டக்கலையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழில் தேயிலைக்கும் மல்லிகைக்கும் மாமரத்துக்கும் செய்யப்படும் கவாத்து என்பது அதற்கு நேர்ச்சொல். சொல் பொருத்தமானதே, ஆனால் அது கத்தியைப் பிடிக்க ஒரு கையையும் கூடவே கற்பித்துவிடுகிறது. மூளையில் எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்யும் தோட்டக்காரர் எவருமில்லை. அடிக்கடி பயன்படும் இணைப்பு வலுப்பெற்று நிற்க, பயன்படாதது தளர்ந்து, மூளையின் துணையணுக்களால் விழுங்கப்படுகிறது என்பதே இன்றைய விளக்கம். பயன்படாதது போகும் என்பதைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு மூன்று வயதுக்குள் எல்லாவற்றையும் கற்பித்துவிட வேண்டும் என்று பெற்றோரை விரட்டிய வணிகம் 1990களில் அமெரிக்காவில் பெருகியது. உச்சத்துக்குப் பின் வரும் இறக்கம் பத்து, பதினைந்து ஆண்டுகள் நீள்வது என்ற, அதே வரைபடத்தின் மறுபாதியை அந்த வணிகம் கண்டுகொள்ளவில்லை.

ஹுட்டன்லோக்கரின் கணக்கை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவர் தூக்கத்தை ஆராய்ந்துவந்த இர்வின் ஃபைன்பெர்க். ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையில் எழும் மெதுவான பேரலைகளின் உயரம் பதின்பருவத்தில் செங்குத்தாக இறங்குவதை அவர் அறிந்திருந்தார். சேர்ந்து துடிக்கும் இணைப்புகள் குறைந்தால் அலையும் சிறுக்கும் என்பதால் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் வெளிப்படுகிறது என்பதையும் சேர்த்து, அந்நோய் இந்தக் கவாத்து அளவு தவறியதால் வருவதாக இருக்கலாம் என்ற ஊகத்தை 1980களின் தொடக்கத்தில் முன்வைத்தார். ஊகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊகமாகவே கிடந்தது. 2016இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்காரல் குழுவினர், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதையும், அதே மரபணு எலிகளில் இணைப்புகளை அகற்றும் வேலையில் பங்குகொள்கிறது என்பதையும் காட்டியபோதுதான் அதற்கு ஓர் உடற்கூற்றுப் பிடிமானம் கிடைத்தது.

இடையில் உயிருள்ள குழந்தையின் மூளையைப் பார்க்கும் வழி ஒன்று திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி சுகானி குழுவினர், சிறிதளவு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை இரத்தத்தில் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும் பெட் படங்களை 29 குழந்தைகளிடம் எடுத்து 1987இல் வெளியிட்டனர். ஆரோக்கியமான குழந்தைக்கு ஆய்வுக்காக மட்டும் கதிரியக்கத்தைச் செலுத்துவது முறையன்று என்பதால், மருத்துவக் காரணத்துக்காக ஸ்கேன் செய்யப்பட்டு, பின்னர் பெருங்குறை ஏதுமில்லை எனத் தெரிந்த குழந்தைகளே இதில் இடம்பெற்றனர். நான்கு வயதை ஒட்டி மூளை வளர்ந்தவரைப்போல் இரு மடங்கு சர்க்கரையை எரிக்கத் தொடங்கி, ஒன்பது, பத்து வயது வரை அந்நிலையில் இருந்து, பதின்பருவம் முழுவதும் இறங்கி வளர்ந்தவரின் அளவை அடைகிறது என்ற அவர்களின் வரைபடம், சிகாகோவின் கணக்கோடு ஒத்துப்போனது.

கதிரியக்கமே இல்லாமல், காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி வந்த பிறகே ஆரோக்கியமான பிள்ளைகளை மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பார்ப்பது இயன்றது. சான் டியேகோவில் டெரி ஜெர்னிகன் 1990களின் தொடக்கத்திலேயே புறணியின் சாம்பல்நிறப் பொருள், அதாவது நரம்பணுக்களின் உடல்களும் இணைப்புகளும் நிறைந்த மேலடுக்கு, எட்டு வயதுக்குப் பின் குறைவதைக் கண்டிருந்தார். ஆனால் வெவ்வேறு வயதுள்ள வெவ்வேறு பிள்ளைகளை ஒப்பிடுவதற்கும், ஒரே பிள்ளை வளர்வதைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. இந்த இரண்டாவது வகையான நீள்தொடர் ஆய்வை, அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜூடித் ராப்போபோர்ட் நடத்திய பிரிவில் ஜே கீட் 1991 முதல் நடத்தினார். பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்தனர். படங்களைக் கணினிகொண்டு பகுத்தாராயும் வேலையைக் கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தார் பகிர்ந்துகொண்டனர்.

'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழின் 1999 அக்டோபர் பகுதியில் இரு சிறு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. முதலாவது லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் சோவெலுடையது. 12 முதல் 16 வயதுள்ளோரை 23 முதல் 30 வயதுள்ளோருடன் ஒப்பிட்டு, பதின்பருவத்துக்குப் பிறகும் முன்மடலில் மாற்றம் தொடர்கிறது என்றது. அது முடிந்த பக்கத்திலேயே தொடங்கிய கீட் குழுவின் கட்டுரை, 145 பிள்ளைகளின் 243 படங்களைக் கொண்டு, முன்மடலின் சாம்பல்நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்கு 11 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 12 வயதிலும் உச்சத்தை எட்டிப் பின் குறைகிறது என்றது. பூப்பை ஒட்டி மூளையில் புதிதாக ஒரு பெருக்கமும் அதற்குப் பின் ஒரு கவாத்தும் நிகழ்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. அப்படியானால் பதின்பருவம் இரண்டாவது குழந்தைப்பருவம் போன்றதொரு வாய்ப்பு. ஓர் ஆய்வுக் கட்டுரையின் வளைகோடு இவ்வளவு விரைவாகப் பொதுவழக்கில் கலந்தது அரிது. 2004இல் அதே குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸின் பால் தாம்சனும் சேர்ந்து, நான்கு வயது முதல் 21 வயது வரை புறணி பின்னிருந்து முன்னோக்கி முதிர்ந்துவருவதை வண்ணம் மாறும் தொடர்படமாக வெளியிட்டனர். பாடநூல்களிலும் தொலைக்காட்சிகளிலும் சொற்பொழிவுத் திரைகளிலும் எண்ணற்ற முறை காட்டப்பட்ட அந்தப் படம் பதின்மூன்று பிள்ளைகளின் மூளைகளிலிருந்து பெறப்பட்டது என்பதைக் காட்டியவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பது வேறு செய்தி.

படத்திலிருந்து நடத்தைக்குத் தாவும் வேலையை உளவியலாளர்கள் மேற்கொண்டனர். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய மாணவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 306 பேர் கணினித்திரையில் கார் ஓட்டினர். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் புள்ளி கூடும், மதில் எழுந்து மோதினால் சேர்த்ததெல்லாம் போகும். தனியே ஓட்டியபோது பதின்பருவத்தினர் பெரியவர்களைப் போலவே ஓரளவு நிதானமாக நடந்துகொண்டனர். நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்றபோது அவர்களின் துணிச்சல் வெகுவாக ஏறியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் நண்பர்களின் வருகை ஏறத்தாழ எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. இத்தகைய முடிவுகளிலிருந்து ஸ்டைன்பெர்க்கும் நியூயார்க்கின் பி. ஜே. கேசியும் 2008இல் தனித்தனியே ஒரே திசையில் ஒரு கொள்கையை வகுத்தனர்: பரிசை நாடும் உள்மூளை அமைப்பு பூப்போடு விழித்துக்கொள்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் முன்மடலோ மெதுவாக முதிர்கிறது, இடைப்பட்ட காலமே ஆபத்தின் காலம். லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் போன்றோர் இதை மறுக்காமலே வேறொன்றைச் சேர்த்தனர். நண்பர்களால் ஒதுக்கப்படுவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து அந்த வயதில் இல்லை என்றால், நண்பர் முன் துணிவது அறிவீனம் ஆகாது என்ற பார்வை அவர்களுடையது.

கொலைக்குற்றம் புரிந்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 மார்ச் 1 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மருத்துவச் சங்கங்கள் மூளைப் படங்களின் முடிவுகளை மனுவாகத் தந்திருந்தன. ஆயினும் நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மூளைப் படங்களை விவாதிக்காமல், பெற்றோர் எவரும் அறிந்ததையும் உளவியல் ஆய்வுகளையுமே பெரிதும் சார்ந்தது. மூளை அறிவியல் என்ற சொற்கள் பெரும்பான்மைத் தீர்ப்பில் இடம்பெற்றது, கொலையல்லாத குற்றங்களுக்கு இளையோரை விடுதலைக்கு வாய்ப்பின்றி ஆயுள் முழுவதும் சிறையிடுவதைத் தடுத்த 2010ஆம் ஆண்டு வழக்கில்தான். சட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த முடிவுக்கு மூளைப் படம் துணைச்சான்றாக வந்தது என்பதே சரியான மதிப்பீடு. மூளைப் படமே சட்டத்தை மாற்றிற்று என்று அறிவியல் தரப்பாரும் சட்டத் தரப்பாரும் சொல்லிக்கொண்டது இரு தரப்பாருக்கும் வசதியாக இருந்தது.

இதே காலத்தில்தான் மூளை 25 வயதில் முதிர்ச்சியடைகிறது என்ற வாக்கியம் உலகெங்கும் பரவியது. மேலே கண்ட ஆய்வுகள் எதிலும் 25 வயதில் மாற்றம் நின்றதாகக் காட்டும் கோடு இல்லை. 2004ஆம் ஆண்டுப் படம் 21 வயதோடு முடிந்ததற்குக் காரணம் ஆய்வில் அதற்கு மேல் வயதானவர் இல்லாததே. கோடு அங்கே இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கும் கோட்டின் முனை தாளின் ஓரத்தைத் தொட்டால் அது நின்றுவிட்டது என்று பொருளில்லை.

1999இன் வளைகோட்டுக்கே சோதனை பிறகு வந்தது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுப்பது எளிதன்று. குழாய் குறுகலானது, சம்மட்டி அடிப்பதுபோன்ற ஓசை இடைவிடாது கேட்கும், பல நிமிடங்களுக்குத் தலையை மயிரிழையும் அசைக்கக்கூடாது. ஆய்வுக்கூடங்கள் மாதிரிக் குழாய் ஒன்றில் முன்கூட்டியே பயிற்சி தருவதும், தலையின் இருபுறமும் மெத்தை வைத்து அணைப்பதும், திரையில் படம் ஓடவிடுவதும் இதற்காகவே. அப்படியும் ஏழு வயதுப் பிள்ளை பதினேழு வயதுப் பிள்ளையைவிட அதிகம் அசையும். தலை அசைந்தால் படத்தின் விளிம்புகள் கலங்கும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் வெளிச்சத்தைக் கொண்டு சாம்பல் என்றோ, மயலின் உறையிட்ட இழைகளின் வெண்மை என்றோ பிரிக்கும் கணினி, கலங்கிய விளிம்பில் சாம்பல்நிறப் பொருளைக் குறைத்தே மதிப்பிடும். அதனால் சிறு வயதில் உண்மையைவிடக் குறைவாகவும், வயது ஏற ஏற உண்மைக்கு நெருக்கமாகவும் அளவு கிடைக்க, இடையில் ஏறுமுகம் ஒன்று இல்லாமலே தோன்றக்கூடும். கீட் குழுவின் படங்களைப் பகுத்தாராய்ந்த அதே மாண்ட்ரியல் நிறுவனத்தினர், வேறொரு பெரிய தொகுப்பில் அசைந்த படங்களைக் கண்டிப்புடன் விலக்கிவிட்டுப் பார்த்தபோது, புறணியின் தடிமன் பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே நேராக இறங்கிவருவதையே கண்டதாக 2016இல் எழுதினர். கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் பெத்லஹெமும் அமெரிக்காவின் ஜேக்கப் சைட்லிட்சும் முன்னின்று, 1,01,457 பேரின் 1,23,984 படங்களை ஒன்றுதிரட்டி 2022இல் வெளியிட்ட வரைபடங்களில், சாம்பல்நிறப் பொருளின் மொத்த அளவு 5.9 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது; வெண்பொருளின் உச்சம் 28.7 வயதில். பூப்பை ஒட்டிய இரண்டாவது பெருக்கம் என்ற எண்ணத்துக்கு இந்த வரைபடங்களில் இடமில்லை. பதின்பருவம் முழுவதும் சாம்பல் குறைந்து வெண்மை கூடுகிறது என்ற அடிப்படை மட்டும் அப்படியே நின்றது.

குறைவது எது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் 2012இல் இணைந்து தொடங்கிய ஆய்வில் 14 முதல் 24 வயது வரையுள்ள சுமார் 2,400 பேர் சேர்க்கப்பட்டு, அவர்களுள் 300 பேரளவில் மூளைப் படம் எடுக்கப்பட்டது. மயலினின் அளவை மறைமுகமாகக் காட்டும் ஒருவகை எம்.ஆர்.ஐ. அதில் பயன்பட்டது. கிர்ஸ்டி விட்டேக்கர் முதலாசிரியராக 2016இல் வெளிவந்த கட்டுரை, புறணி மெலியும் இடங்களில், குறிப்பாகப் பல பகுதிகளை இணைக்கும் சந்திகளில், மயலின் மிகுவதைக் காட்டியது. புறணியின் அடிவிளிம்பில் வெண்ணிற உறை ஊறி மேலேறினால், கணினி வெண்மைக்கும் சாம்பலுக்கும் இடையில் வரையும் எல்லையும் மேலே ஏறும்; எதுவும் உதிராமலே புறணி மெலிந்ததாகக் கணக்கில் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2019இல் பார்வைப் புறணியைப் பற்றி இதையொத்த முடிவையே எழுதினர். எம்.ஆர்.ஐ. காட்டிய மெலிவையெல்லாம் ஹுட்டன்லோக்கரின் கவாத்தாகப் படித்த இருபது ஆண்டுப் பழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்கியது.

யாருடைய பிள்ளைகள் அளக்கப்பட்டனர் என்பதும் சிறிய விஷயமன்று. தொடக்ககால ஆய்வுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கு அருகில் வாழ்ந்த, மீண்டும் மீண்டும் அழைத்துவர நேரமும் வாகனமும் உடைய குடும்பத்தினர். அமெரிக்காவில் 21 மையங்களில் 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட சுமார் 11,880 பிள்ளைகளைப் பத்தாண்டுகள் தொடரும் ஆய்வு இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முயன்றது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தை மையமாகக் கொண்டு, லண்டன் கிங்ஸ் காலேஜுடன் இணைந்து அமைந்த கூட்டாய்வு, மைசூரு, ரிஷி வேலி, கொல்கத்தா, இம்பால், சண்டிகர் உள்ளிட்ட ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையுள்ள சுமார் 10,000 பேரை இலக்காகக் கொண்டது. மைசூருவில் பிறப்பிலிருந்தே ஊட்டச்சத்துக்காகக் கண்காணிக்கப்பட்டு வந்த பிள்ளைகளும் இதில் சேர்ந்திருப்பதால், மேலைநாட்டுத் தொகுப்புகளில் காண முடியாத வினாக்களை இங்கே கேட்க இயலும்.

இத்தனை ஆயிரம் படங்களிலும் ஒரு நரம்பிணைப்புகூடத் தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தின் மிகச்சிறு கட்டம் பொதுவாக ஒரு கன மில்லிமீட்டர். சிகாகோவின் கணக்குப்படி அதற்குள் 110 கோடி இணைப்புகள். அவற்றுள் ஐந்தில் ஒன்று போனாலும் கட்டத்தின் சாம்பல்நிறம் சற்று மாறுமே தவிர, போனது இணைப்பா, நீரா, வந்தது மயலினா என்று அது சொல்லாது. நரம்பிணைப்பிலுள்ள புரதம் ஒன்றில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு உயிருள்ளவரிடமே இணைப்பின் அடர்த்தியை மதிப்பிடும் முறையை யேல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டனர். ஆனால் கதிரியக்கத்தால் சுகானிக்கு இருந்த அதே தடை ஆரோக்கியமான பிள்ளைகளிடம் இதற்கும் உண்டு. ஆகவே நேர்ச்சான்று தேடுவோர் இன்னும் கண்ணாடித் தகடுகளிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. குரோவேஷியத் தலைநகரின் ஸாகிரெப் பல்கலைக்கழகத்தில் ஸ்த்ராவ்கோ பெட்டன்யெக்கும் உடன்பணியாளரும் பிறந்த குழந்தை முதல் 91 வயதினர் வரை 32 பேரின் மூளைத் துண்டுகளில், வெள்ளிச் சாயமேற்றிய நரம்பணுக்களின் கிளைகளில் முளைத்திருக்கும் நுண்முட்களை, ஒவ்வொரு முள்ளும் ஓர் இணைப்பின் இடம் என்பதால், நுண்ணோக்கி வழியே எண்ணி 2011இல் முடிவை அறிவித்தனர். முட்களின் அடர்த்தி குழந்தைப்பருவத்தில் வளர்ந்தவரைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்து, பூப்புக் காலத்தில் குறையத் தொடங்கி, ஹுட்டன்லோக்கர் கோடு நிலைபெற்ற பதினாறு வயதையும் கடந்து, முப்பதை நெருங்கும்வரை குறைந்துகொண்டே இருந்தது. 21 மூளைகளும் 32 மூளைகளும் கொண்ட இந்த இரண்டு கணக்குகளே, இலட்சம் படங்களைத் திரட்டிய வரைபடங்கள் காட்டும் இறக்கத்தில் எவ்வளவு பங்கு கவாத்துக்குரியது என்ற விவாதத்தில் இன்றும் முதலில் எடுத்துவைக்கப்படுகின்றன.